பேர் வெட்டிய பைன் மரம்

கோடாலி வப்புவின் இடது காதை உரசிக்கொண்டு போய்க் கதவு நிலையில் குத்தி நின்றது. நின்ற பிறகும் அதன் காம்பு கோபம் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"குறி தப்பிடுச்சு உர்ஹோ," என்றாள் வப்பு, காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே. "எடுத்துத் தரட்டுமா? இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாரு."

எறிந்தவன் உர்ஹோ கெம்ப்பாய்னென். ஹிர்விவாரா ஊரிலேயே பெரிய உடம்பு அவனுடையது. அவன் தும்மினால் ஏரிப் பனிக்கட்டியில் விரிசல் விழும் என்று சொல்வார்கள். விரிசலை முழம் போட்டு அளந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த உடம்பு முழுவதும் இப்போது முற்றத்தைத் தாண்டி வந்து, வப்புவுக்குப் பக்கத்தில் நின்ற துப்பறியும் அதிகாரி ஹெய்குராவைக் கோட்டுக் காலரோடு பிடித்துத் தூக்கியது. ஹெய்குரா கயானி நகரத்துக்காரர். தீக்குச்சிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டது போல இருப்பார். தரைக்கு ஓர் அடி மேலே தொங்கியபடியே அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என் தம்பி எங்கே?" உர்ஹோ அவரை உலுக்கினான். "மூணு நாளா இந்தப் பொம்பளை வண்டியில ஊர்வலம் போறீரு. அவ தம்பிதான் என் தம்பியைக் கொன்னவன்! டாவெட்டியோட தொப்பி ரத்தத்தோட அந்த யல்மாரி படகுல கெடந்துச்சு. இன்னும் என்னய்யா தேடறீரு?"

"உடம்பை," என்றார் ஹெய்குரா, மூச்சு கிடைத்த இடைவெளியில்.

உர்ஹோ அவரை விறகுக் குவியலின் மேல் வீசினான். வப்பு சும்மா இருக்கவில்லை. வாசலில் கிடந்த பனித் துடைப்பத்தை எடுத்து உர்ஹோவின் முட்டிக்குப் பின்னால் ஒன்று வைத்தாள். துடைப்பம் முறிந்தது. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உர்ஹோவின் ஆட்கள் நான்கு பேர் தடிகளோடு கிளம்பி வந்தார்கள். ஒருவன் போட்ட அடியில் வப்புவின் உதடு கிழிந்தது. அவள் திருப்பிக் கொடுத்த அடியில் அவனுடைய பல் ஒன்று பனியில் போய்ப் பதுங்கியது.

அப்போது துப்பாக்கி வெடித்தது.

வேலியோரம் ஈசாக்கி முஸ்தோனென் நின்றிருந்தார். குழல் வானத்தைப் பார்த்திருந்தது. கோர்ட்டு கூடும்போது ஊர் சார்பாக நீதிபதி பக்கத்தில் உட்காரும் பெரிய மனிதர் அவர். அவர் இருமினால் ஊர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும்.

"வெட்கமா இல்ல?" என்றார் ஈசாக்கி. "பையன் என் களஞ்சியத்துல, என் பூட்டுக்குள்ள இருக்கான். சாவி இதோ என் இடுப்புல. மூணு மணிக்கு வெளிச்சம் போயிடும். அதுவரைக்கும் அதிகாரி தேடட்டும். உடம்பு கிடைக்கலேன்னா, அப்புறம் ஊர் என்ன முடிவு பண்ணுதோ பண்ணட்டும்."

"என்ன முடிவு, பனிக்கட்டியில ஓட்டை போட்டாச்சு," என்றான் உர்ஹோ. "மூணு மணிக்கு அவனை அதுக்குள்ள இறக்குவோம். என் தம்பி தார் காய்ச்சறதுக்காக நாலு கோடைக்காலம் பட்டை உரிச்சு, பிசின் ஏத்தி வச்ச பைன் மரமெல்லாத்தையும் வெட்டித் திருடிக்கிட்டு, கேட்டவனையும் கொன்ன பயல்!"

ஈசாக்கி எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார். வப்பு கற்கண்டுத் துண்டைப் பல்லிடுக்கில் வைத்து, காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினாள். கிழிந்த உதட்டில் அது தீயாக எரிந்தது. வெளியே, புதுத் தார்ப் பீப்பாய்கள் அடுக்கியிருந்த முற்றத்துக்கு அப்பால், களஞ்சியத்துக்குள்ளிருந்து அவள் தம்பி இருமுகிற சத்தம் கேட்டது.

"உங்களை மறக்க மாட்டேன் ஐயா," என்றாள் அவள் ஈசாக்கியிடம். மூன்று நாளில் அவள் கேலியில்லாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

மணி பதினொன்றரை.

*

வப்புவின் குதிரை லீனு, பனிவண்டியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. ஊரில் ஒருவரும் வண்டி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால்தான் ஊர் குற்றவாளி என்றவனின் அக்காவிடமே ஹெய்குரா வண்டி பேசினார். வண்டிக்கு வாடகை கொடுத்தார். அவள் வாய் இலவசமாகக் கூட வந்தது.

"விலா எலும்பு எத்தனை பாக்கி, அதிகாரித் தம்பி?"

"எண்ணல வப்பக்கா. பசிக்குது."

"கால்கிட்ட மூட்டையில மீன் வச்சுச் சுட்ட ரொட்டி இருக்கு. ஆனா முந்தாநாளே உறைஞ்சு போச்சு. கடிச்சீங்கன்னா பல்லை எண்ண வேண்டியிருக்கும்."

ஹெய்குரா ரொட்டியை எடுத்து வண்டிச் சட்டத்தில் தட்டிப் பார்த்தார். சட்டம் நசுங்கியது. மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டார்.

சதுப்பின் ஓரத்துக்கு வந்ததும் வப்பு சட்டென்று கடிவாளத்தை இழுத்தாள்.

எதிரே ஒற்றைப் பைன் மரம். மற்றவை எல்லாம் கிளையும் பனியுமாக நிற்க, இது மட்டும் கழுத்து வரை இறகு பிடுங்கிய கோழி மாதிரி, உச்சியில் ஒரு கொண்டையோடு நின்றது. நெஞ்சு உயரத்தில் பட்டையைச் செதுக்கி எடுத்த சதுரம். அதற்குள் டி.கே. என்று இரண்டு எழுத்து. கீழே 1926.

"டாவெட்டி கெம்ப்பாய்னென்," என்று முணுமுணுத்தாள் வப்பு. வாயில் இருந்த கேலி எங்கோ போய்விட்டது.

"நான் நகரத்துல பொறந்தவன் வப்பக்கா. புரியற மாதிரி சொல்லுங்க."

"சவத்தை சர்ச்சுக்குக் கொண்டு போற வழியில ஒரு பைனோட கிளையெல்லாம் கழிச்சு, செத்தவர் பேரை வெட்டுவோம். புதைச்சவங்க எழுந்து வீட்டைப் பார்க்க நடந்து வருவாங்க இல்லையா? வழியில மரத்துல தன் பேரைப் படிப்பாங்க. 'அடடா, நான்தான் செத்துட்டேனே'ன்னு ஞாபகம் வந்து திரும்பிடுவாங்க. என் வீட்டுக்காரருக்கு நான்தான் வெட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கறவர். அதனால கொட்டை எழுத்துல வெட்டினேன்."

"திரும்பிட்டாரா?"

"ஆறு வருஷமா ஆளைக் காணோம்."

ஹெய்குரா மரத்துக்கு அருகில் போனார். "சர்ச் ஏரிக்கு அந்தப் பக்கம். இந்தச் சதுப்பு வழியா எந்தச் சவமும் போகாது. சரி, யாராவது அவன் நினைவா போன வாரம் வெட்டியிருக்கலாம் இல்லையா? தொப்பி கெடச்சதும்?"

"அதுவரைக்கும் ஊரே அவன் எல்லைப் பக்கம் மரம் வெட்டப் போயிட்டான்னுதான் நெனச்சுது. ஆகஸ்ட் கடைசியில போனவன்." வப்பு கையுறையைக் கழற்றி எழுத்துகளைத் தடவினாள். சதுரம் முழுவதும் பிசின் வழிந்து, தேன் மிட்டாய் மாதிரி இறுகிக் கிடந்தது. "போன வாரம் வெட்டினதா? உறைபனியில பைன் அழாது தம்பி. கத்தியால குத்தினாலும் ஒரு சொட்டு வராது. இது கோடையில வடிஞ்ச பிசின்."

"கோடைன்னு எப்படி நிச்சயமா—"

"இதோ சாட்சி." அவள் நகத்தால் ஓரிடத்தைக் காட்டினாள். கே என்ற எழுத்தின் காலில், மஞ்சள் பிசினுக்குள், கை கால் பரப்பிய ஒரு கொசு. "நவம்பர்ல கொசு கடிச்சதுன்னு யாராவது சொன்னா, அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

ஹெய்குராவின் மீசையில் உறைந்திருந்த பனி லேசாக விரிசல் விட்டது. அவர் சிரிப்பது அப்படித்தான் தெரியும்.

"அப்படின்னா, அவன் உயிரோட இருக்கான்னு ஊரே நம்பிக்கிட்டிருந்தப்போ, அவன் செத்துட்டான்னு ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"அவனுக்கு ஆவிகிட்ட பயம். பேர் வெட்டாம அவனால தூங்க முடியல." வப்பு எழுத்துகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "எழுத்து எந்தப் பக்கம் பார்க்குதோ, அந்தப் பக்கத்துலேருந்துதான் செத்தவன் வரணும்."

எழுத்துக்கு நேர் எதிரே, ஐம்பதடியில், கைவிடப்பட்ட பழைய தார்ச் சூளையின் மேடு பனிப்போர்வையோடு படுத்திருந்தது.

அரைமணி நேரம் தோண்டினார்கள். மேலே தரை இரும்பாக இருந்தது. வப்புவின் கடப்பாரை தீப்பொறி கக்கியது. அதற்குக் கீழே கரியும் மக்கிய பாசியும் பொலபொலவென்று வந்தன. முதலில் ஒரு பூட்ஸ் தெரிந்தது. பூட்ஸுக்குள் கால் இருந்தது. டாவெட்டியைத் தார் கறுப்பாக்கியிருந்ததே தவிர, கெடுக்கவில்லை. பின்மண்டை மட்டும், முறை தெரிந்தவன் ஒரே போடில் பிளந்த விறகு மாதிரி, இரண்டாகத் திறந்திருந்தது.

வப்பு திரும்பி நின்று பனியில் வாந்தி எடுத்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "கெடச்சாச்சு! வாங்க தம்பி, யல்மாரியை விட்டுடுவாங்க," என்று வண்டியை நோக்கி ஓடினாள்.

"விடமாட்டாங்க வப்பக்கா." ஹெய்குரா மரத்தின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "இங்கேருந்து பாருங்க. பேர் வெட்டினவன் எந்த வீட்டுக்குச் செத்தவன் வரக்கூடாதுன்னு வெட்டினான்? மரத்துக்குப் பின்னாடி இருக்கற வீட்டுக்கு."

மரத்துக்குப் பின்னால் சரிவு. சரிவின் கீழே மூன்று புகைபோக்கிகள். இடப்பக்கம் உர்ஹோ வீடு. நடுவில் ஈசாக்கி வீடு. வலப்பக்கம், ஏரிக்கரையில், புகையில்லாமல் ஒரு சின்னக் குடிசை.

யல்மாரியின் குடிசை.

வப்பு அந்தக் குடிசையையே பார்த்தாள். டாவெட்டியோடு ஆகஸ்டில் நடனக் கொட்டகையில் கத்திச் சண்டை போட்டவன் அவள் தம்பி. அவனுக்கும் ஆவி பயம் உண்டு. பன்னிரண்டு வயது வரை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போவான்.

"நீங்களும் அவன்னு நெனைக்கிறீங்களா?"

"மூணு கதவு இருக்கு. செத்தவன் தன் கதவைத் தட்டுவான்னு எவன் பயந்தானோ, அவன்தான் கொலைகாரன்." ஹெய்குரா கண்ணாடியைத் துடைத்தார். "கதவுகளைக் கேட்டா பதில் வராது. தட்டிப் பார்க்கணும். வண்டியில ரம்பம் இருக்கில்ல?"

அவர் சொல்வது புரிந்ததும் வப்பு ஓரடி பின்னால் போனாள். பேர் வெட்டிய பைனை யாரும் தொடமாட்டார்கள். காற்றில் விழுந்தால்கூட விறகுக்கு எடுக்கமாட்டார்கள். அதை வெட்டுவது, செத்தவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது.

அவள் ஒரு நிமிடம் மரத்தைப் பார்த்தாள். பிறகு ரம்பத்தின் ஒரு பிடியை அவரிடம் நீட்டினாள்.

"இழுங்க. டாவெட்டி வந்தா வரட்டும். என் தம்பிக்கு அவனைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒருவேளை என் தம்பிதான்னா..." ரம்பம் மரத்தின் சிவந்த வைரத்துக்குள் இறங்கிக் கிறீச்சிட்டது. ஊர் முழுக்க மணக்கும்படி பிசின் வாசனை கிளம்பியது.

*

முஸ்தோனென் வீட்டு முற்றத்துக்கு அவர்கள் வந்தபோது மணி இரண்டுதான். ஆனால் களஞ்சியம் திறந்து கிடந்தது.

யல்மாரியை இரண்டு பேர் காலைப் பிடித்துப் பனியில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் யார் முகம் என்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. வெள்ளைப் பனியில் சிவப்பாக ஒரு கோடு ஏரியை நோக்கிப் போனது. முன்னால் உர்ஹோ, தோளில் பனிக்கட்டி அறுக்கும் ரம்பம்.

"மூணு மணின்னு சொன்னீங்களே!" வப்பு கத்தினாள்.

"ஊர் கேட்டுது. நான் ஒருத்தன் எத்தனை நேரம் தடுக்கறது?" என்றார் படியில் நின்ற ஈசாக்கி வருத்தமாக. சாவி அவர் இடுப்பில் இல்லை.

வப்பு லீனுவின் முதுகில் ஒரு சாட்டையடி வைத்தாள். குதிரை கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒருவன் வேலியைத் தாண்டிப் பறந்தான்; இன்னொருவனின் கால் வண்டிச் சறுக்குக் கட்டையின் கீழ் நொறுங்கும் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. யல்மாரியை இழுத்தவர்கள் கைவிட்டு ஓடினார்கள். வண்டி குடைசாய்ந்து நிற்க, மேலிருந்த ஒரு முழ நீளத் துண்டு மரம் உருண்டு போய் உர்ஹோவின் காலடியில் நின்றது.

டி.கே. 1926.



"டாவெட்டி கெடச்சுட்டான்," என்றார் ஹெய்குரா. குரலை உயர்த்தவே இல்லை. "பழைய சூளைக்குள்ள. பின்மண்டையில கோடாலி. கொன்னவன் ஆகஸ்ட்லேயே இந்த மரத்துல பேர் வெட்டி அவனைக் கட்டிப்போட்டு வச்சிருந்தான். நாங்க மரத்தை அறுத்துட்டோம். இனி வழியில தடை ஒண்ணும் இல்ல. அவன் எப்ப வேணாலும் வரலாம்."

"அட பாவி மனுஷா!" ஒரு தடிக்காரன் தடியைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தான். கூட்டம் காட்டுப் பக்கமிருந்து இரண்டடி பின்னுக்கு நகர்ந்தது.

பனியில் கிடந்த யல்மாரி ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "வந்தா நல்லது. என் கத்தி இன்னும் அவன்கிட்டதான் இருக்கு. வாங்கிக்கறேன்."

வப்புவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்தக் கழுதை பயப்படவில்லை. அப்படியானால் கதவு இரண்டுதான். அவள் உர்ஹோவைப் பார்த்தாள். கை தானாகச் சாட்டைக் காம்பை இறுக்கியது. கோடாலி எறிகிறவன். ஒரே போடில் மண்டை பிளக்கத் தெரிந்தவன்.

உர்ஹோ மெல்ல மண்டியிட்டான். மலை ஒன்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெரிய விரலால் தம்பியின் எழுத்தைத் தடவினான்.

"என் வீட்டுக் கதவைத் தொறந்து வைங்கடா," என்றான். "அடுப்பை மூட்டுங்க. அவனுக்குச் சூடா ஏதாவது வைங்க. வரட்டும். யார் வெட்டினான்னு அவன் வாயாலேயே எனக்குச் சொல்லட்டும்."

வப்புவின் கையிலிருந்து சாட்டைக் காம்பு நழுவியது. அவள் படியைத் திரும்பிப் பார்த்தாள்.

படியில் யாரும் இல்லை.

டொக். டொக். டொக்.

சத்தம் வீட்டின் பின்னாலிருந்து வந்தது. வப்புவும் ஹெய்குராவும் ஓடினார்கள்.

அங்கே, கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவில் நின்ற பைன் மரத்தில், தொப்பியில்லாமல், கோட்டில்லாமல், வியர்வை ஆவியாகப் பறக்க, ஊர்ப் பெரிய மனிதர் ஈசாக்கி முஸ்தோனென் வெறி பிடித்தவர் போலக் கொத்திக்கொண்டிருந்தார். பட்டை உரிந்த சதுரத்தில் டி வந்துவிட்டது. கே-யின் முதல் கோடு பாதியில் நின்றது.

"காப்பி கொதிக்குதா ஐயா?" என்று கேட்டாள் வப்பு.

அவர் திரும்பினார். அந்த முகத்தை வப்பு அதற்கு முன் பார்த்ததில்லை. கோடாலி சுழன்றது. ஹெய்குரா குனிந்தார், இருந்தும் அவருடைய தோளில் அரை விரல்கடை ஆழத்துக்கு அது இறங்கி வெளியே வந்தது. இரண்டாவது வீச்சு அவர் கழுத்தைக் குறி வைத்தது. வப்பு கோட்டுப் பைக்குள்ளும் கச்சைக்குள்ளும் ஆயுதம் தேடினாள். ஒன்றுமில்லை. கவிழ்ந்த வண்டியிலிருந்து தெறித்து, வீட்டுப் பின்பக்கம் வரை உருண்டு வந்திருந்த ரொட்டி மூட்டை காலில் இடறியது.

மூன்று நாள் உறைந்த மீன் ரொட்டி, ஈசாக்கியின் நெற்றிப்பொட்டில் போய் மோதியது. சர்ச் மணி அடித்தது என்று ஏரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்களாம். ஈசாக்கி மரத்தில் சாய்ந்து, அப்படியே வழிந்து உட்கார்ந்தார்.

ரொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

*

"அந்தக் கே-யை முடிச்சிடு வப்பு," என்றார் ஈசாக்கி, கண் திறந்ததும். கை கட்டப்பட்டிருந்தது. முகம் வீங்கிக்கொண்டு வந்தது. "இன்னும் ரெண்டு கோடுதான். எல்லாத்தையும் சொல்றேன். அவன் மரத்தையெல்லாம் நான்தான் வெட்டினேன். அந்தத் தார்தான் முற்றத்துல பீப்பாய்ல இருக்கு. வெட்டும்போது வந்துட்டான். திரும்பி நின்னு எண்ணிப் பார்த்துக்கிட்டிருந்தான்... தொப்பியை யல்மாரி படகுல போட்டதும் நான்தான். முடிச்சிடு. வெளிச்சம் போகுது."

உர்ஹோ அருகில் வந்து நின்றான். அவன் கையில் ரம்பம் இல்லை. ஈசாக்கியின் கையிலிருந்து விழுந்த கோடாலியை எடுத்தான். ஹெய்குரா ரத்தம் வழியும் தோளைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்தார். உர்ஹோ அவரை இந்த முறை மெதுவாக, குழந்தையை நகர்த்துவது போல நகர்த்திவிட்டு, மரத்தில் வெட்டியிருந்த டி-யின் மேல் நான்கு போடு போட்டான். எழுத்து சிராய்ச் சிராயாகப் பறந்தது. கோடாலியைப் பனியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான், கதவைத் திறந்து வைக்க.

ஈசாக்கி அலறினார்.

பிறகு நடந்ததைப் போல ஒரு கைதை அந்த மாவட்டத்து போலீஸ் பார்த்ததே இல்லை. கைதி தானே ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டான். "ஜெயிலுக்குப் போகலாம். சீக்கிரம்! பூட்டுக்குள்ள போயிட்டா அவன் வரமாட்டான். ஓட்டு வப்பு, ஓட்டு!"

வப்பு யல்மாரியைத் தன் கம்பளியால் சுற்றி முன்பக்கம் உட்காரவைத்தாள். அவன் முகத்தில் முழுசாக இருந்த ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு டி.கே. 1926 என்று வெட்டிய மரத்துண்டைத் தூக்கிவந்து, எழுத்துள்ள பக்கம் ஈசாக்கியின் முகத்துக்கு நேராக இருக்கும்படி வண்டியில் வைத்தாள்.

"வெளியே பார்த்து வை! அவன் படிக்கணும்!"

"அவன் படிக்கறதெல்லாம் போதும். நீங்க படிச்சுக்கிட்டே வாங்க ஐயா."

சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெயில் பன்னிரண்டு மைல். வப்பு கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரையின் காதுப் பக்கம் சாய்ந்தாள்.

"லீனு," என்றாள். "அவசரமே இல்லடி செல்லம். நடந்தே போ."